கையை உயர்த்தாதவருக்குப் பக்தி இல்லையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறவர். ஆராதனையில் பலர் கையை உயர்த்தி, அழுது, அந்நியபாஷை (ஆவியானவர் ஏவுவதாக நம்பப்படும், தாங்கள் கற்றிராத பாஷை) பேசுகிறார்கள். இவருக்கு அதெல்லாம் வருவதில்லை. செல் குரூப்பை (சபையின் சிறு ஜெபக்குழுவை) நடத்தும் அக்கா, "உனக்கு இன்னும் அபிஷேகம் கிடைக்கலை", அதாவது பரிசுத்த ஆவியின் நிறைவு வரவில்லை, என்கிறார். அதே அக்கா தான் உபவாசம் இருக்கும் நாளையெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். இது பக்தியா, வேஷமா, எப்படிக் கண்டுபிடிப்பது, குறை யாரிடம், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்குப் போயே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

சத்தத்தை வைத்துப் பக்தியை அளந்தவர்கள் இரண்டு பேர் வேதத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு பேரும் தப்பாகவே அளந்தார்கள். ஒருவர் ஆசாரியனாகிய ஏலி. பிள்ளை இல்லாத துக்கத்தில் அன்னாள் சீலோவில் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. ஏலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டுகிறார். இன்னொருத்தி சவுலின் மகள் மீகாள். உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வரும்போது தாவீது ராஜா சணல்நூல் ஏபோத்தை (ஆசாரியர் அணியும் உடையை)த் தரித்துக்கொண்டு முழுப் பலத்தோடு ஆடுகிறான். ஜன்னல் வழியாகப் பார்த்த மீகாளுக்கு அது கூத்தாகத் தெரிகிறது. மனசுக்குள்ளேயே அவனை அவமதிக்கிறாள். அமைதியாக நின்றவளின் உள்ளம் ஆசாரியனுக்கே தெரியவில்லை. ஆடினவனின் உள்ளம் கட்டின மனைவிக்கே தெரியவில்லை.

ஆகவே உங்கள் சபையில் கை உயர்த்துகிறவர்கள் எல்லாரும் நடிக்கிறார்கள் என்று நினைத்தீர்களானால், மீகாளின் ஜன்னலில் போய் நிற்கிறீர்கள். உங்களுக்கு அபிஷேகம் இல்லை என்று சொல்கிற அக்கா ஏலியின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். (ஏலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அன்னாள் விளக்கிச் சொன்னதும், தான் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்காமல் அவளை வாழ்த்தி அனுப்பினார். அக்காவும் அப்படிச் செய்யக்கூடியவராக இருக்கலாம்.)

சரி, அப்படியானால் இயேசு கண்டித்தது எதை?

மலைப்பிரசங்கத்தில் இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல இருக்கும். மத்தேயு 5:16இல், உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது என்கிறார். அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், மனுஷர் காண வேண்டுமென்று அவர்களுக்கு முன்பாகத் தர்மம் செய்யாதிருங்கள் என்கிறார். நிதானமாகப் படித்தால் மோதல் இல்லை. முதல் இடத்தில், பார்க்கிறவர்கள் பரலோகப் பிதாவை மகிமைப்படுத்துகிறார்கள். இரண்டாவது இடத்தில், புகழ்ச்சி செய்தவனுக்கே போய்ச் சேர்கிறது. மற்றவர் கண்ணில் படுவது குற்றமில்லை. கண்ணில் படுவதற்காகவே செய்வதுதான் குற்றம். தானியேல் பலகணிகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மூன்று வேளையும் ஜெபித்தான். அவனை யாரும் வேஷக்காரன் என்று சொன்னதில்லை. அந்த ஜன்னலால் அவனுக்குக் கிடைத்தது சிங்கக் கெபி.

அந்த ஆறாம் அதிகாரத்தில் இயேசு எடுத்துக்கொள்வது தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றுமே நல்லவை, மூன்றையும் அவர் தடுக்கவில்லை. ஆட்கள் பார்க்கச் செய்கிறவர்களைப் பற்றி மூன்று தடவையும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்: தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. தண்டனை என்றுகூடச் சொல்லவில்லை. கேட்ட கூலி கைக்கு வந்துவிட்டது, கணக்கு முடிந்தது, அவ்வளவுதான். உபவாசத்தை ஸ்டேட்டஸில் போட்டவருக்கு நாலு பேர் கைகூப்பிய இமோஜி அனுப்பினார்கள் என்றால், பலன் பட்டுவாடா ஆகிவிட்டது. காணிக்கையைக் கைபேசியில் பேநௌ வழியாக அனுப்பிவிட்டு அந்தத் திரையைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதும் அதே கணக்கில்தான் சேரும்.

'அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு' என்று அவர் சொன்னது நம்முடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கொஞ்சம் சிரமம். மூன்றறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது எந்தக் கதவைப் பூட்டுவது? தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளில் பாம் ஷெல்டர் என்கிற பாதுகாப்பு அறை இருக்கிறது. அரிசி மூட்டைக்கும் பழைய சூட்கேசுக்கும் நடுவே, அந்தக் கனத்த எஃகுக் கதவுக்குப் பின்னால் முழங்கால் போடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பாதுகாப்பான ஜெபம் என்று அவர்களைக் கேலி செய்வதுண்டு. கதவு எதனால் ஆனது என்பது முக்கியமில்லை, யாரும் பார்க்காத இடத்திலும் அது நடக்கிறதா என்பதே கேள்வி.

கத்தோலிக்கர்கள் இந்த வசனத்தை வருஷத்துக்கு ஒருமுறை நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். திருநீற்றுப் புதனன்று திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி இதே மத்தேயு ஆறாம் அதிகாரம்தான்: நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு என்கிற பகுதி. அதைக் கேட்ட பிறகு வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்கிறார்கள். ஓப்பிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் இருக்கிறதே, அங்கிருந்து சாம்பலோடு எம்ஆர்டி ஏறி வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். துடைக்கக் கூச்சப்பட்டு வைத்திருக்கிறவரும் உண்டு, வைத்திருக்கக் கூச்சப்பட்டுத் துடைக்கிறவரும் உண்டு. யாருக்கு எந்தக் கூச்சம் என்று நெற்றியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்த வாசகத்தையும் அந்தச் சடங்கையும் ஒரே நாளில் வைத்தது தெரிந்தே செய்த காரியமாகத்தான் எனக்குப் படுகிறது.

இந்த நோயை வெகு நுணுக்கமாகப் பரிசோதித்தவர்கள் எகிப்தின் பாலைவனத் துறவிகள். அவர்களோடு பழகிய ஜான் காசியன் என்பவர் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துறவிகளைப் பிடிக்கும் எட்டுத் தீமைகளைப் பற்றி எழுதினார். அதில் ஒன்று வீண்புகழ்ச்சி. மற்றத் தீமைகள் தோற்றால் பலவீனமாகும்; இது மட்டும் தோற்கத் தோற்க எழுந்துகொள்ளும் என்கிறார். மூத்த துறவிகள் அதை வெங்காயத்துக்கு ஒப்பிடுவார்களாம், ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். நல்ல உடை உடுத்திப் பெருமை கொள்ளாதவன் கந்தல் உடுத்திப் பெருமை கொள்வான். உபவாசத்தைக் காட்டிப் பெயர் வாங்காதவன், உபவாசத்தை மறைத்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொள்வான்.

அவர் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு முதியவர் இளம் துறவி ஒருவரின் குடிலுக்குப் போகிறார். உள்ளே முணுமுணுப்பு கேட்கிறது. வேதத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்போல என்று சந்தோஷப்பட்டு வாசலில் நின்று காது கொடுக்கிறார். பார்த்தால், அந்தத் தம்பி ஒரு பெரிய சபைக்கு முன்னால் நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார்! பிரசங்கம் முடிந்தது. அடுத்து அவரே உதவிக்குருவாகவும் மாறி, ஞானஸ்நானம் பெறாதவர்களை வெளியே அனுப்பும் அறிவிப்பையும் சொல்லி முடித்தார். அப்போதுதான் முதியவர் கதவைத் தட்டினார். தம்பி பதறிப்போய், "ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். முதியவர் சிரித்த முகத்தோடு, "இல்லை, நீ ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோதுதான் வந்தேன்" என்றார்.

பூட்டிய குடில், சாட்சிக்கு ஆளே இல்லை, அங்கேயும் மேடை. எனவே 'வெளியே காட்டுகிறவர் வேஷக்காரர், உள்ளே வைத்திருக்கிறவர் உண்மையானவர்' என்று கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. அமைதியும் ஒரு வேஷமாக முடியும். பின் வரிசையில் கைகட்டி நின்றுகொண்டு, "நான் இவங்களை மாதிரி ஆர்ப்பாட்டம் பண்றதில்லை" என்று நினைக்கிற நிமிஷத்தில், இயேசுவின் உவமையில், 'இந்த ஆயக்காரனைப்போல நான் இல்லை' என்று தேவனுக்கு நன்றி சொன்ன பரிசேயனின் ஜெபத்தைத்தான் நாமும் செய்கிறோம்.

தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் மரபே இந்தக் கவலையில் பிறந்ததுதான். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். லூத்தரன் சபைகளில் கோட்பாடு சரியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக வருகிறார்கள், ஆனால் உள்ளம் மாறவில்லையே என்று ஸ்பேனர் என்கிற போதகர் 1675இல் எழுதியதிலிருந்து கிளம்பிய இயக்கம் அது. மனந்திரும்புதல், வீட்டு ஜெபக்கூட்டம், தினசரி வேதவாசிப்பு என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்வதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த அழுத்தம்.

ஆனால் காலப்போக்கில் அதற்கும் ஒரு சீருடை வந்துவிடுகிறது. நகையை எடுத்துக்கொள்ளுங்கள். பேதுரு தன் முதல் நிருபத்தில், பொன்னாபரணமும் மயிர்ப்பின்னலும் இல்லாமல் இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே அலங்காரமாக இருக்கட்டும் என்று எழுதுகிறார். நம் பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பலவற்றில் அதற்காகவே நகையைக் கழற்றினார்கள். முதல் தலைமுறைக்கு அது பெரிய தியாகம். தாலியைக்கூடக் கழற்றிவிட்டு உறவுக்காரர்களிடம் பேச்சு வாங்கினவர்கள் அவர்கள். மூன்றாம் தலைமுறையில் வெறுங்கழுத்தே அந்தஸ்தின் அடையாளமாகிவிடுகிறது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு தங்கச்சி சின்னத் தோடு போட்டுக்கொண்டு போனால், எதிரே வரும் ஆன்ட்டியின் பார்வை நேராகக் காதுக்குப் போகிறது. பேதுரு சொன்ன மறைந்திருக்கிற குணத்தைத் தேடி அந்தப் பார்வை போகவில்லை. நகை போடாததை நான் குறை சொல்லவில்லை. நகையைக் கழற்றிவிட்டு, அடுத்தவர் காதை எண்ணுவதைத்தான் சொல்கிறேன்.

அந்நியபாஷைக்கு வருவோம், உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் என்கிற கறுப்பினப் போதகரின் கூட்டங்களிலிருந்து இந்த எழுப்புதல் உலகமெங்கும் பரவியது. சிங்கப்பூரில் அது 1972இல் பள்ளி மாணவர்களிடையே கிளம்பியது. அதையொட்டி ஆங்கிலிக்கன் பேராயர் சியூ பான் இட்டும் அந்த அனுபவத்தைப் பெற்றார். பெந்தெகொஸ்தே சபைகளோடு நிற்காமல் புத்தகம் பார்த்து ஆராதிக்கும் பழைய சபைகளுக்குள்ளும் அது நுழைந்ததற்கு இதெல்லாம் காரணம். இதை ஏமாற்று என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. அதனால் குடியை விட்டவர்களை, பகையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அதே சமயம், பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதை யாராவது முழுசாக வாசித்துக்காட்ட வேண்டும். உங்கள் எல்லாரையும்விட நான் அதிகமாய்ப் பாஷைகளைப் பேசுகிறேன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, சபையில் பதினாயிரம் வார்த்தைகளை அந்நியபாஷையில் பேசுவதைவிடக் கருத்தோடு ஐந்து வார்த்தை பேசுவதே மேல் என்கிறார். பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ளட்டும். இது 14ஆம் அதிகாரம். அதற்கு முந்தின 13ஆம் அதிகாரத்தைத்தான் நாம் கல்யாண வீட்டில் வாசித்து வாசித்து, அது கல்யாணத்துக்காக எழுதப்பட்டது என்றே நம்பிவிட்டோம். வரங்களை வைத்து ஒருவரையொருவர் மட்டம்தட்டின சபைக்கு எழுதினது அது.

உணர்ச்சி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியைப் பொறுமையாக ஆராய்ந்தவர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1740களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பெரிய எழுப்புதல் வந்தபோது, ஜனங்கள் கதறினார்கள், மயங்கி விழுந்தார்கள். ஒரு பக்கம் இதெல்லாம் ஆவியானவர் என்றது, மறு பக்கம் இதெல்லாம் வெறி என்றது. எட்வர்ட்ஸ் 1746இல் எழுதின புத்தகத்தில் இரண்டு பக்கத்தையும் மறுக்கிறார். உணர்ச்சி மிக உச்சத்துக்குப் போவது, உடம்பு நடுங்குவது, தேவனைப் பற்றிச் சரளமாகப் பேசுவது, வசனங்கள் தானாக மனசில் ஓடிவருவது, நீண்ட நேரம் ஆராதனையில் உட்கார்ந்திருப்பது என்று பன்னிரண்டு அடையாளங்களை அடுக்கி, இவற்றால் உண்மை என்றும் நிரூபிக்க முடியாது, பொய் என்றும் நிரூபிக்க முடியாது என்கிறார். அப்புறம் நம்பத்தக்க அடையாளங்கள் பன்னிரண்டைச் சொல்கிறார். அதில் கடைசியானதும் மிக நீளமாக எழுதப்பட்டதும், நடைமுறை வாழ்க்கை. வருஷக்கணக்காக, சோதனை வரும்போதும் தொடர்கிற நடத்தை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருவிருந்தில் பங்கெடுக்கிறவர்கள் உண்மையான விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும் என்று அவர் தன் சபையில் கட்டாயப்படுத்தப் போய், 1750இல் சபையார் அவரையே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அடையாளங்களை அவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்தவருக்கே அவற்றை அடுத்தவர்மேல் வைத்துப் பார்ப்பது கைகூடவில்லை.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் ஆறு தலைவர்கள் ஏறக்குறைய 50 மில்லியன் வெள்ளி சபைப் பணத்தைத் தவறாகக் கையாண்டதற்காக 2015இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டதும், 2017இல் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதைத் தமிழ்ச் சபைகளில் 'பார்த்தியா, மேடைப் பக்தி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் உறைத்தது வேறு. அவர்கள் அந்தப் பணத்தைச் சொந்தப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று அரசுத் தரப்பே வாதாடவில்லை. ஊழியத்துக்காகச் செய்கிறோம் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டும் ஒருவர் தப்புச் செய்யலாம். மனசு சுத்தமாக இருக்கிறது என்ற உணர்வை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பைப் பார்க்காமல் இருந்துவிட முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வேதம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைக் காட்டுகிறது: உங்கள் பக்தியைப் புகழ வழியில்லாத ஆள் உங்களிடம் என்ன பாடுபடுகிறார்? மாற்கு 12இல் இயேசு வேதபாரகரைப் பற்றிச் சொல்லும்போது, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்பதையும், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள் என்பதையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். ஏசாயா 58இல் ஜனங்கள், நாங்கள் உபவாசம் இருந்தோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று தேவனிடம் புகார் செய்கிறார்கள். வருகிற பதில்: உபவாச நாளிலேயே உங்களுக்குக் கீழே இருக்கிறவர்களைக் கசக்கி வேலை வாங்குகிறீர்களே.

இதை நம் ஊரில் வாசித்தால் யார் முகம் ஞாபகம் வருகிறது? எனக்கு வீட்டுப் பணிப்பெண்தான் ஞாபகம் வருகிறார். சனிக்கிழமை உபவாச ஜெபம் வீட்டில். இருபது பேர் வருகிறார்கள். மாலையில் உபவாசம் முடிக்கப் பொங்கலும் சாம்பாரும் காலையிலிருந்து அடுப்பில் நின்று செய்தது யார்? ஞாயிற்றுக்கிழமை குடும்பமே ஆராதனைக்குப் போகும்போது, வீட்டில் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள நிற்பது யார்? வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் என்ற விதி 2013இல் வந்தது. அந்த நாளில் வேலை வாங்கிவிட்டுப் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடிந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்துத் தட்டிக்கழிக்க முடியாது என்று மனிதவள அமைச்சு விதியை இறுக்கியது 2023 ஜனவரி முதல். ஓய்வுநாளை ஆசரிக்கக் கட்டளை பெற்ற வீடுகள் சட்டம் வரும்வரை காத்திருந்தோம் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கட்டளையிலேயே, உன் வேலைக்காரியும் அன்று வேலை செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் நம் சாட்சியைக் கேட்டு அல்லேலூயா சொல்லப் போவதில்லை, ஸ்டேட்டஸுக்கு இமோஜி போடப் போவதில்லை. நம் பக்தி எப்படி என்று அவருக்குத் தெரிகிற அளவு போதகருக்குத் தெரியாது.

இந்தச் சோதனையை அந்த அக்காவின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது உங்களுக்கும் எனக்கும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கட்டுப்பாட்டால் சபைகள் மூடியிருந்தபோது, ஆராதனை திரையில் ஓட, கேமராவை அணைத்துவிட்டு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அழுகை வராததைப் பற்றி: அது குறையே இல்லை. சிலருக்கு உணர்ச்சி கண்ணில் வரும், சிலருக்கு வராது. சங்கீதங்களில் ஆனந்தக் களிப்பும் இருக்கிறது, 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்ற வறட்சியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ஜெபப் புத்தகமாகக் கொடுத்திருக்கிறார்கள். வராத கண்ணீரை வரவழைக்க முயலாதீர்கள். அந்நியபாஷை வரவேண்டும் என்று ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லப் பழக்குகிறவர்களும் உண்டு. அப்படி யாராவது வற்புறுத்தினால் மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் தனியாகப் பேசுங்கள், குழுவில் வேண்டாம். ஸ்டேட்டஸ் விஷயத்தை எடுக்காதீர்கள். அது உங்கள் கேள்வி இல்லை. "அக்கா, 1 கொரிந்தியர் 12:30இல், எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா என்று பவுல் கேட்கிறாரே, அதற்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேளுங்கள். அவர் யோசித்தால் நல்லது. கோபப்பட்டால் போதகரிடம் போய், அபிஷேகம் இல்லை என்று என்னிடம் சொல்கிறார்கள், சபையின் போதனை அதுதானா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

முழு இரவு ஜெபம்: ஆசை இருந்தால் போங்கள். சனிக்கிழமை காலை ஷிப்ட் இருந்தால் வீட்டில் தூங்குங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால், வேலை இருந்தது, தூங்கினேன் என்றே சொல்லுங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.